2041இல் ஓசூரில் எத்தனை பேர்?

2001 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 84,394. 2011இல் 1,16,821. பத்தாண்டில் 32,427 பேர் கூடியிருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு 2041ஐக் கணிக்கப் பாருங்கள். பத்தாண்டுக்கு அதே 32,427 என்று கூட்டிக்கொண்டே போனால் 2.14 லட்சம். கூட்டு வட்டிபோல அதே 38 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் 3.1 லட்சம். இரண்டும் குடிநீர்ப் பொறியாளர்களின் பாடநூலில் உள்ள முறைகள்தான். வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்!

இதற்குள் ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊராட்சிகள் நகரத்தோடு சேர்ந்துவிட்டன. 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆனது. எல்லை நகர்ந்தால் போதும், ஒரு பிரசவம்கூட நடக்காமல் தலைக்கணக்கு எகிறிவிடும்.

மக்கள்தொகை அறிஞர்கள் மொத்த எண்ணோடு நிற்பதில்லை, வயதைக் கேட்பார்கள். மக்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்துக்கொள்வார்கள். இன்று 20 முதல் 24 வயதில் இருப்பவர்களில் இறப்பவர்களைக் கழித்தால், ஐந்தாண்டு கழித்து 25 முதல் 29 வயதில் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். 15 முதல் 49 வயதுப் பெண்களின் எண்ணிக்கையையும் பிள்ளைப்பேற்று விகிதத்தையும் வைத்துப் புதிதாகப் பிறப்பவர்களைச் சேர்ப்பார்கள். இங்கிலாந்தின் எட்வின் கேனன் 1895இலேயே இந்த வழியில் கணக்குப் போட்டார். நம் தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் நிபுணர் குழு, 2036 வரைக்குமான மாநிலக் கணிப்புகளைச் செய்ததும் இதே வழியில்தான்.

மாநிலத்துக்குச் சரி. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் ஓசூர் போன்ற ஊருக்கு? ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பும் பெண்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டியவர்கள். ஐந்தாண்டு கழித்து அவர்களில் பலர் சொந்த ஊரில் இருப்பார்கள். அதே கட்டில்களில் வேறு இருபது வயதுக்காரர்கள் படுத்திருப்பார்கள். அந்த வயதுக் கட்டம் மூப்படைவதே இல்லை, ஆள் மட்டும் மாறுகிறது. சூத்திரமோ அவர்களை இங்கேயே முப்பதாக்கி, இங்கேயே பிள்ளை பெறவும் வைத்துவிடும்.

இதைச் சரிக்கட்ட ஓர் அழகான உபாயம் உண்டு. 2001இல் 15 முதல் 19 வயதில் இருந்தவர்களில் எத்தனை பேர் 2011இல் 25 முதல் 29 வயதில் உயிரோடு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் எண்ணப்பட்டவர்களோடு ஒப்பிடுவார்கள். கூடுதலாக இருந்தால், போனவர்களைக் கழித்தபின் அத்தனை பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். யாரையும் வழிமறித்து விசாரிக்காமலேயே வந்தவர் கணக்கு கிடைத்துவிடுகிறது.

ஆனால் அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அடுத்த ஆலை ஓசூரில் வருமா, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வருமா என்பது எந்த வயதுப் பட்டியலிலும் இல்லை. அதனால் வரவு கூடினால், குறைந்தால், இப்படியே நீடித்தால் என்று மூன்று கணிப்புகள் போடுவதே நேர்மையான வழி. குழாய் பதிப்பவருக்கு மட்டும் ஒற்றை எண்தான் வேண்டும். குழாய்க்கு 30 ஆண்டு, பம்புக்கு 15 ஆண்டு என்பது அவர்கள் வழக்கம். பம்பையாவது பாதியில் மாற்றிக்கொள்ளலாம்.