தடிப்பு இழைப்பு இயந்திரத்தின் நீட்சி மேசைகள்

நீட்சி மேசைகள் என்பவை, சிறிய தடிப்பு இழைப்பு இயந்திரத்தின் முன்புறமும் பின்புறமும் பொருத்தப்படும் தாங்கு தட்டுகள் ஆகும். 'திக்னஸ் பிளேனர்' எனப்படும் இவ்வியந்திரம், பலகையின் மேற்பரப்பைச் சீவி, முழு நீளத்துக்கும் ஒரே தடிமனைத் தருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டிலேயே மரவேலை செய்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். டிவால்ட் நிறுவனத்தின் 12½ அங்குல டிடபிள்யூ734 மாதிரியில் நீட்சி மேசைகள் மடக்கும் வகையில் இணைந்தே வருகின்றன. 13 அங்குல டிடபிள்யூ735 மாதிரிக்குத் தனித் துணைக்கருவியாகவும் விற்கப்படுகின்றன.

இம்மேசைகள் நீண்ட பலகையைத் தாங்குவதற்கு மட்டுமே உள்ளன என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், அவை எந்த உயரத்தில் நிற்கின்றன என்பதே சீவலின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முனைப் பள்ளம் தோன்றும் விதம்

இயந்திரத்தின் உள்ளே வேகமாகச் சுழலும் வெட்டுருளை ஒன்றும், அதற்கு முன்னும் பின்னும் பலகையை அழுத்தி நகர்த்தும் இரண்டு ஊட்டுருளைகளும் உள்ளன. பலகையின் நடுப்பகுதி சீவப்படும்போது இரண்டு ஊட்டுருளைகளும் அதைப் பிடித்திருக்கும். ஆனால் முதல் சில அங்குலங்களிலும் கடைசிச் சில அங்குலங்களிலும் ஓர் உருளையின் பிடி மட்டுமே இருக்கும்.

குழந்தைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நீண்ட பலகையின் பெரும்பகுதி வெளியே தொங்கினால், அதன் எடை வெளிமுனையைக் கீழே இழுக்கும். இயந்திர நடுமேசையின் விளிம்பு ஊன்றுபுள்ளியாகிவிடும். உள்ளே இருக்கும் முனை மேலெழுந்து கத்தியை நெருங்க, அங்கே மட்டும் மரம் கூடுதலாகச் சீவப்படும். இந்தப் பள்ளத்தை ஆங்கிலம் பேசும் தச்சர்கள் 'ஸ்னைப்' என்கின்றனர்.

பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் உணரலாம். வார்னிஷ் பூசியபின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அதை நீக்க முனைகளை அறுத்துவிடுவதே வழக்கம். 1,200 மி.மீ. நீளப் பலகையில் இருபுறமும் 75 மி.மீ. அறுத்தால் 150 மி.மீ. போய்விடும். அதாவது எட்டில் ஒரு பங்கு. வால்நட் போன்ற விலை உயர்ந்த மரத்தில் இது சிறிய இழப்பு அன்று.

மேசைகளைச் சீரமைத்தல்

முதலில் மின்இணைப்பின் செருகியைக் கழற்றிவிட வேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. கை செல்லும் இடத்தில் கூர்மையான கத்திகள் உள்ளன. பிறகு நடுமேசையில் ஒட்டியுள்ள மரப்பிசினையும் தூளையும் துடைக்க வேண்டும். ஒரு சிறு சிராய் இருந்தாலும் அளவு தவறாகிவிடும்.

வளைவில்லாத அலுமினியச் சட்டம் ஒன்றை நடுமேசையின் மீதும் இரு நீட்சி மேசைகளின் மீதும் படும்படி நீளவாக்கில் வைக்க வேண்டும். இதனை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மேசை முறுக்கிக்கொண்டு நிற்பது தெரியாது. நீட்சி மேசைகளின் அடியில் உள்ள திருகுகளைத் திருப்பினால் அவற்றின் வெளிமுனை உயரும் அல்லது தாழும்.

மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும் என்று தோன்றலாம். அனுபவமுள்ளோர் வெளிமுனைகளைச் சற்றே உயர்த்தி வைக்கின்றனர். அமெரிக்காவின் 10 சென்ட் நாணயம் 1.35 மி.மீ. தடிமன் உடையது, ஏறத்தாழ அந்த அளவு உயர்வு தொடக்கத்துக்கு ஏற்றது. வெளிமுனை உயர்ந்தால் பலகையின் உள்முனை நடுமேசையோடு அழுந்தி நிற்கும். முன்பு கெடுதல் செய்த அதே நெம்புகோல் இப்போது உதவி செய்கிறது. அளவுக்கு மீறி உயர்த்தினால் பலகை தடைபட்டு நிற்கும். மெல்லிய பலகை வளையவும் கூடும்.

உள்விளிம்பையும் கவனிக்க வேண்டும். பலகை நுழையும் பக்கத்து மேசையின் உள்விளிம்பு நடுமேசையைவிடத் தாழ்ந்திருந்தால் பலகையின் நுனி முட்டிக்கொள்ளும். வெளியேறும் பக்கத்தில் அது உயர்ந்திருந்தாலும் அப்படியே.

திருகுகளின் பூட்டு நட்டுகளை இறுக்கியபின் மறுபடியும் சட்டத்தை வைத்துப் பார்ப்பது அவசியம். நட்டை இறுக்கும்போதே மேசை சற்று நகர்ந்துவிடுவது உண்டு. பலர் தவறவிடும் இடம் இதுதான்.

சோதனைச் சீவல்

சுமார் 4 அடி நீளமுள்ள மலிவான பலகை ஒன்றை மெல்லியதாகச் சீவி, நடுவிலும் இரு முனைகளிலும் வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். முதலில் நுழைந்த முனை மெலிந்திருந்தால் நுழையும் பக்கத்து மேசையின் வெளிமுனையைச் சிறிது உயர்த்த வேண்டும். கடைசி முனை மெலிந்திருந்தால் வெளியேறும் பக்கத்து மேசையை உயர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் இருப்பது நல்லது.

சரியாக அமைத்த மேசைகளும் பள்ளத்தை முற்றிலும் ஒழிப்பதில்லை. வெட்டுருளையைத் தாங்கும் தலைப்பகுதியில் உள்ள சிறு ஆட்டமும் அதற்குக் காரணமாகும். அதை மேசையால் திருத்த முடியாது. எனவே கடைசிச் சீவலை மிக மெல்லியதாக வைத்தல், ஒரு பலகையின் வாலோடு அடுத்த பலகையின் நுனியை ஒட்டி அனுப்புதல் ஆகிய முறைகளும் உடன் கையாளப்படுகின்றன. இரண்டாவது முறையில் பள்ளம் வரிசையின் முதல் பலகையின் நுனியிலும் கடைசிப் பலகையின் வாலிலும் மட்டுமே விழும் என்பதால், அவ்விரு இடங்களிலும் உதவாத மரத்துண்டுகளை வைப்பர்.