"2 கி.மீ. தூரத்தில்": டேட்டிங் ஆப்பில் அந்த ஒரு எண் எவ்வளவு சொல்லும்?

டேட்டிங் ஆப்ல என்ன பிரச்சினைன்னு கேட்டா ஃபேக் ப்ரொஃபைல், பண மோசடின்னு சொல்வோம். இன்னைக்கு நான் பேசப்போறது யாரும் கவனிக்காத ஒண்ணு. ப்ரொஃபைல்ல "2 கி.மீ. தூரத்தில்"னு ஒரு வரி வருமே, அது.

என் தோழி ஒருத்தி ஒரு ஆப்ல ஒருத்தரோட ரெண்டு நாள் பேசினா. ஏரியா பேர்கூடச் சொல்லலை. மூணாவது நாள் அவர், "நீங்க வேளச்சேரிதானே?"ன்னு கேட்டிருக்கார். பயந்துபோய் எனக்கு போன் பண்ணினா: "எப்படிடா கண்டுபிடிச்சான்?"

அவர் என்ன செஞ்சார்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்படிச் செய்ய முடியும். கிண்டியில இருந்து பார்த்தா அவ 4 கி.மீ. தூரம். மேப்ல கிண்டியை மையமா வெச்சு ஒரு வட்டம் போடுங்க. அடையாறுல இருந்து 5, இன்னொரு வட்டம். ரெண்டும் ரெண்டு இடத்துல வெட்டும். மேடவாக்கத்துல இருந்து 7. மூணாவது வட்டம் போட்டா ஒரே இடம்தான் மிஞ்சும். இதுக்கு அலையவும் வேண்டாம், போன்ல இருப்பிடத்தைப் பொய்யா மாத்தினாலே போதும்.

2014 பிப்ரவரியில இன்க்ளூட் செக்யூரிட்டி நிறுவனம் டிண்டர்ல இருந்த இதே ஓட்டையை வெளியிட்டது. திரையில முழு மைல் கணக்குதான் தெரிஞ்சது. ஆனா சர்வர் அனுப்பின தூரத்துல தசமப் புள்ளிக்குப் பின்னாடி நிறைய இலக்கங்கள் இருந்தன. அதை வெச்சு ஆளோட இடத்தைத் துல்லியமா கணக்குப் போட முடிஞ்சது. வெளியிடறதுக்குள்ள ஓட்டையை அடைச்சிட்டாங்க.

தூரத்தை முழு எண்ணா ஆக்கினா மட்டும் போதாது. கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, 2 எந்த இடத்துல 3 ஆகுதுன்னு பார்த்தா அதுவே விடை சொல்லிடும். ஆளோட இருப்பிடத்தையே முதல்ல தோராயமாக்கிட்டு, அதுக்கப்புறம் தூரத்தைக் கணக்கிடணும். இது ஆப் எழுதுற எங்களோட பொறுப்பு. திரையில தெரியலைங்கிறதால டேட்டா வெளியே போகலைன்னு ஆகாது.

உங்க கையிலயும் ஒண்ணு இருக்கு. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு ஆப்புக்குத் துல்லியமான இடத்தைக் கொடுக்காம தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கலாம். போன் செட்டிங்ஸ்ல, அந்த ஆப்போட லொகேஷன் அனுமதியில பாருங்க. ஆப்லயே தூரத்தை மறைக்கிற வசதி இருந்தா அதையும் போடுங்க.

தோழி அன்னிக்கே ரெண்டையும் செஞ்சா. ஆனா அந்தக் கேள்வியை அவ இன்னும் மறக்கலை. இந்த எபிசோட் முடிஞ்சதும் நீங்களும் ஒரு தடவை செட்டிங்ஸைத் திறந்து பாருங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.