புவிஈர்ப்பு விசையில் கம்ப்யூட்டர் ஓடுமா?

மேலே இருந்து விடும் எந்தப் பொருளும் தானாகவே கீழே விழுகிறது. அதற்கு நாம் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. அப்படியானால் புவிஈர்ப்பு விசையில் இருந்து இலவச மின்சாரம் எடுக்க முடியாதா?

"பெட்ரோல் வேண்டாம், வெயில் வேண்டாம், எடை விழுந்தாலே போதும்" என்று சொல்லும் ஒரு ஜெனரேட்டர் வீடியோவைக் காட்டி, அதில் 50,000 ரூபாய் போடலாமா என்று என் சித்தப்பா கேட்டார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எடை (கிலோ) × 9.8 × உயரம் (மீட்டர்) = கிடைக்கும் சக்தி (ஜூல்). 3,600 ஜூல் சேர்ந்தால் ஒரு வாட்-மணி.

உங்கள் மொட்டை மாடி டேங்கில் 1,000 லிட்டர் தண்ணீர், 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது 1,000 கிலோ. 1,000 × 9.8 × 10 = 98,000 ஜூல். சுமார் 27 வாட்-மணிதான்! துளியும் வீணாகாவிட்டால்கூட, 100 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் இதில் 16 நிமிடம் ஓடும். அவ்வளவே. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற, அரை ஹெச்பி மோட்டார் 20 நிமிடம் ஓடினாலே 120 வாட்-மணிக்கு மேல் செலவு!

யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. அதற்கு ஈடாக 1 டன் எடையை ஏறக்குறைய பத்து மாடி உயரத்துக்குத் தூக்க வேண்டும்.

அணை மின்சாரம் எப்படி என்கிறீர்களா? கடல் நீரை ஆவியாக்கி மலைக்கு ஏற்றிவிடுவது சூரியன். பிரான்சில் லா ரான்ஸ் நிலையம் 1966-ல் தொடங்கப்பட்டது. அங்கே கடல் மட்டம் ஏறி இறங்குவதில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கான சக்தி பூமியின் சுழற்சியில் இருந்து வருகிறது.

கோவை மாவட்டத்தில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இன்னும் தெளிவான உதாரணம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தில் இருந்து தண்ணீரை மேலே பம்ப் செய்வார்கள். தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவாகும் மின்சாரத்தை விடத் திரும்பக் கிடைப்பது குறைவு. ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறதே, அதுதான் லாபம்!

ஆக, புவிஈர்ப்பு ஒரு பேட்டரி மாதிரி. சார்ஜ் செய்தால்தான் கிடைக்கும். யாராவது 'கிராவிட்டி ஜெனரேட்டர்' விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விழுந்த எடையைத் திரும்ப மேலே தூக்குவது யார்?" சரியான பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.