எழுத்து மாறினால் பொருள் மாறும்



ஒவ்வொரு மொழியின் எழுத்தும் அம்மொழியின் தேவைக்கேற்ப அமைந்துள்ளது. தமிழில் ‘க’ என்னும் ஒரே எழுத்து ‘கடல்’ என்பதில் அழுத்தமாகவும், ‘தங்கம்’ என்பதில் அதிர்வுடனும், ‘அகம்’ என்பதில் தளர்ந்தும் ஒலிக்கின்றது. நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தனித்தனி எழுத்துகள் தேவைப்படவில்லை.

அரபி மொழி அவ்வாறன்று. அதன் 28 எழுத்துகளுள் ‘காஃப்’ என நாம் எழுதுபவை இரண்டு. ஒன்று அடிநாவிலிருந்து எழுவது. மற்றொன்று அதற்குச் சற்று முன்னிருந்து எழுவது. முதல் எழுத்தைக் கொண்டு ‘கல்ப்’ என்றால் இதயம். அடுத்ததைக் கொண்டு ‘கல்ப்’ என்றால் நாய்! தமிழெழுத்தில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நம் முன்னோர் இந்நுட்பத்தை நன்கறிந்திருந்தனர். தமிழை அரபி எழுத்தில் எழுதியபோது, அரபியில் இல்லாத ‘ழ’, ‘ள’, ‘ண’ முதலிய ஒலிகளை அவர்கள் கைவிடவில்லை. அரபி எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அந்த அரபுத்தமிழில்தான் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்க நூல்களை இயற்றினார்கள்.

தமிழின் ஒலியைக் காக்க அவர்கள் அத்துணை அக்கறை கொண்டிருக்க, இறைவேதத்தைத் தமிழெழுத்தில் பார்த்து ஓதுவதோடு நாம் நின்றுவிடலாமா? பொருளறியத் தமிழ் மொழிபெயர்ப்பை வாசியுங்கள். ஓதுவதற்கு அரபி எழுத்தையே கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தவறாமல் மக்தபுக்கு அனுப்புங்கள். உஸ்தாதின் முன் அமர்ந்து மக்ரஜுடன் ஓதப் பழகுவதற்குப் பெரியவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.