மனமும் உடம்பும் – 17: இன்றைக்கா, அடுத்த வருடமா?

புகையிலை கெடுதல் என்று தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? நிகோடின் பிடிக்கும் பிடியைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்னொரு காரணமும் உண்டு. இப்போது கிடைக்கும் சின்ன இன்பம், இருபது வருடம் கழித்து வரப்போகும் ஆரோக்கியத்தைவிடப் பெரிதாகத் தெரிவது. புகைபிடிப்பவர்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏழைகளுக்குத் தொலைநோக்கு கிடையாது, அதனால்தான் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வளர்ந்தது. எனக்கு என்றுமே உறுத்திய பேச்சு இது.

இதை உரசிப் பார்க்க உதவியவர்களில் பலர் இளைஞர்கள். ஐரோப்பிய உளவியல் மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 2011இல் இளம் ஆய்வாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பல நாட்டு மாணவர்கள் கோடைப் பள்ளியில் கூடுவார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் தலைமையில் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஓராண்டுக்கு மேல் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டுவார்கள். உளவியலுக்கு இப்படிப்பட்ட கூட்டணி மிகவும் தேவை. 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் முக்கியமான உளவியல் இதழ்களை அலசியபோது, ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96% பேர் உலக மக்கள்தொகையில் 12% மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. மீதி உலகத்தைக் கேட்காமலேயே மனித மனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் திட்டத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கய் ருஜேரி. அவர் தலைமையில் இளம் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 61 நாடுகளில் 13,629 பேரிடம் நடத்திய ஆய்வு, 2022இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியானது. கேட்டது எளிய கேள்விதான்: இப்போதே ஒரு தொகை வேண்டுமா, ஓராண்டு காத்திருந்து 10% கூடுதலாக வாங்கிக்கொள்கிறீர்களா? டாலரை அப்படியே மாற்றிக் கேட்காமல், அந்தந்த நாட்டுக் குடும்பங்களின் சராசரி மாத வருமானத்தை அடிப்படையாக வைத்துத் தொகையைத் தீர்மானித்தார்கள்.

காத்திருக்கத் தயங்கும் மனம் எங்கும் இருந்தது, பணக்கார நாடுகளிலும்தான். தனிமனிதரின் வருமானத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. ஏற்றத்தாழ்வு மிகுந்து, விலைவாசி வேகமாக ஏறும் சூழலில்தான் தயக்கம் வலுத்தது. இதில் மடமை என்ன இருக்கிறது? விலை மளமளவென்று ஏறும் ஊரில் அடுத்த வருடத்து 10% கைக்கு வருமுன்பே கரைந்துவிடும். இன்றே வாங்கிக்கொள்பவர் விவரமானவர்.

குழந்தைகளிடமும் இதைக் காணலாம். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட், அப்போது இளம் ஆய்வாளர், சில குழந்தைகளுக்குப் படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வேறு சிலருக்குச் சொன்னபடியே கொடுத்தார். பிறகு மிட்டாய்ச் சோதனை: உடனே சாப்பிட்டால் ஒன்று, பொறுத்திருந்தால் இரண்டு. ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் பொறுத்தார்கள். சொன்னது கிடைத்தவர்கள் 12 நிமிடம்!

61 நாட்டு ஆய்வு அளந்தது பணத்தைப் பற்றிய முடிவுகளை. மாத்திரையையும் சிகரெட்டையும் அது நேரடியாகத் தொடவில்லை. இருந்தாலும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரைக்கான பத்தியமும் இதே கணக்கில்தான் வருகின்றன. செலவும் சிரமமும் இன்றைக்கு, பலன் என்றைக்கோ. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு அந்த 'என்றைக்கோ' எவ்வளவு தூரம்!

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கண்டிக்கும் முன், அடுத்த மாத மாத்திரைக்கு வழி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

(தொடரும்)