மலைநகர் ஏரிகள் – 6: உதகையில் யாருக்கும் சேராத கால்வாய்

உதகமண்டலம் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி 1825இல் முடித்த நீர்த்தேக்கம் அது; பள்ளத்தாக்கில் இறங்கும் ஓடைகளைக் கரையிட்டு மறித்து, தேங்கிய நீரைக் கீழ்நாட்டுப் பாசனத்துக்கு அனுப்பலாம் என்பதே அதன் நோக்கம். கரை மூன்று முறை உடைந்து ஏரி வெறுமையானதும் உண்டு. பாசன எண்ணம் கைகூடாத நிலையில் மீன்பிடிக்கவும் ஓடத்தில் கடக்கவும் பயன்பட்ட அந்நீர்ப்பரப்பு, பேருந்து நிலையம், குதிரைப் பந்தயத் திடல், பூங்கா என ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு, இன்று ஏறத்தாழ 65 ஏக்கராகச் சுருங்கியிருக்கிறது.

1973இல் படகு சவாரிக்காக ஏரி சுற்றுலாத் துறையின் பொறுப்புக்கு வந்தது. அதன் பின் ஒரே நீர்நிலைக்கு மூன்று அலுவலகங்கள் ஏற்பட்டன. கரையும் மதகும் தூர்வாரலும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. படகு இல்லமும் அதன் கட்டண வருவாயும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவை. ஏரிக்குள் வந்து விழும் சாக்கடையைத் தடுக்க வேண்டிய கடமை நகராட்சியைச் சேர்ந்தது. கழிவுநீர் அகற்றலும் பூங்காப் பராமரிப்பும் நகர உள்ளாட்சிக்கு உரியவை என்பதை 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தமே பட்டியலிட்டுச் சொல்கிறது. ஆயினும் ஏரியால் வரும் வருவாய் ஓரிடத்திலும் ஏரியைக் காக்கும் செலவு வேறிடத்திலும் இருப்பதால், நகராட்சியின் கணக்கில் ஏரி வெறும் சுமையாகவே நிற்கிறது.

சாக்கடை ஏரியை வந்தடையும் வழி கோடப்பமந்து கால்வாய். நகரின் சரிவுகளில் மழைநீர் ஓடையாகத் தோன்றி, கடைவீதிகளையும் பேருந்து நிலையப் பகுதியையும் கடந்துவரும் இக்கால்வாயில், பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத வீடுகள், விடுதிகள், உணவகங்கள் ஆகியவற்றின் கழிவுநீர் வழிநெடுகக் கலக்கிறது. அக்கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் நீர்த்தாவரங்களுக்கு உரமாகி, அவற்றை அளவுமீறி வளரச் செய்கின்றன. நீரியலார் இதை ஊட்டச்சத்து மிகைப்பு என்பர். ஆகாயத்தாமரை அதன் கண்கூடான அடையாளம். அது அழுகி அடியில் படியும்போது, மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்புச் சேர்மங்களோடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அது தீர்ந்ததும் விடுபட்டு நீரில் மீண்டும் கரைகிறது. ஆகவே, சாக்கடை வரத்தை முழுதும் நிறுத்தினாலும் சேற்றில் சேர்ந்துவிட்ட பழைய கழிவு ஆண்டுக்கணக்கில் ஏரியைக் கெடுத்துக்கொண்டிருக்கும். வரத்தை நிறுத்தாமல் ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளுவதோ அடுத்த விளைச்சலுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதில்தான் முடியும். உதகையில் பெரும்பாலும் நடந்துவந்தது இந்த இரண்டாவது வேலைதான்.

2001இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் உதகையும் கொடைக்கானலும் சேர்க்கப்பட்டன. பணமே வரவில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. வந்த பணம் எங்கே எளிதாகச் செலவாகிறது என்பதே கேள்வி. கரையோர நடைபாதை, வண்ண விளக்கு, சிறுவர் விளையாட்டுத் திடல் ஆகியவற்றைத் திறந்துவைக்க விழா எடுக்கலாம். மண்ணுக்கடியில் புதைந்த குழாயையும் வீட்டுக்கு வீடு தரப்படும் இணைப்பையும் அப்படித் திறந்துவைக்க இயலாது. பொழுதுபோக்குத் திடலின் உடைந்த இருக்கை மறுநாளே புகாராகும். கால்வாய் நாற்றமோ நகரத்தாருக்குப் பழகிப்போன ஒன்று. உதகையின் குடிநீர் பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து முதலிய வேறு நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதால், இந்த ஏரி கெடுவதை எந்த வீட்டுக் குழாயும் காட்டிக்கொடுப்பதில்லை. அலட்சியம் இத்தனை காலம் நீடித்ததற்கு இதுவே வலுவான காரணம் எனத் தோன்றுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 88,430. கோடையில் சுற்றுலாப் பயணிகள் குவிவதால், இந்த எண்ணிக்கையை வைத்துக் கழிவுநீரை மதிப்பிட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. சாலை தாங்கும் அளவைக் கணக்கிடும் இந்த முறையை நகரின் சாக்கடைக்கும் நீட்டித்து, விடுதிகளின் அறை எண்ணிக்கையையும் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்திறனையும் ஒப்பிட்டு உரிமம் வழங்குவது நகராட்சிக்கு இயலாத காரியமன்று. படகுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கால்வாய்க்கென ஒதுக்கச் செய்ய மாநில அரசின் ஆணை ஒன்றே போதும். ஏரியே நகராட்சியின் உடைமையாக உள்ள கொடைக்கானலில் இந்தக் கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை அடுத்த பகுதி ஆராயும்.