மலையில் ஓர் இரவு



தோ பாயோ என்னும் பெயருக்குப் பெரிய சதுப்பு நிலம் என்று பொருள். 'தோ' என்பது ஹொக்கியன் சொல்; பெரியது என்று அர்த்தம். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பாயா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சதுப்பு நிலத்தை மேடாக்கி, 1960களில் இந்தக் குடியிருப்புப் பேட்டை எழுந்தது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மலை என்றால் என்ன தெரியும்? சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான். ஆயினும், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜோகூர் பாலத்தைக் கடந்து மலையேறப் போகும் இளைஞர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகி வருகிறது. ஒரே நாளில் ஏறி இறங்குவதோடு அவர்கள் நிற்பதில்லை. முதுகில் சுமையோடு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நடந்து, நடுக்காட்டில் கூடாரமிட்டு இரவு தங்கி, மறுநாள் வேறு வழியாக இறங்கவும் விரும்புகிறார்கள்.

இது நல்ல விருப்பம். ஆனால் மகனோ மகளோ வந்து, "அப்பா, மலைக்குப் போகிறோம்" என்று சொல்லும்போது பெற்றோர்களாகிய நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். காரணம் கேட்காமல் மறுத்துவிடுகிறோம். அல்லது ஒன்றுமே கேட்காமல் அனுப்பிவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மலைநடை நம்மவர்களுக்குப் புதிதன்று. கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலை இருக்கிறது. பூண்டி அடிவாரத்திலிருந்து புறப்படும் பக்தர்கள், கையில் மூங்கில் தடியுடன் இரவோடு இரவாக ஏழு மலைகளைக் கடந்து உச்சியை அடைகிறார்கள். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று தண்ணீர் கிடைக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையிலும் மக்கள் இரவில் ஏறி உதயத்தைத் தரிசிக்கிறார்கள். இந்த யாத்திரைகளைக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். எந்த மாதத்தில் ஏறுவது, எங்கே தண்ணீர், எங்கே இளைப்பாறுவது, எந்நேரம் இறங்குவது என்பதெல்லாம் பல தலைமுறை அனுபவத்தால் முன்னரே முடிவு செய்யப்பட்டவை. முன்னும் பின்னும் மக்கள் கூட்டம் இருக்கும். காட்டில் தனியே கூடாரமிடச் செல்லும் பத்துப் பேருக்கு இந்தத் துணை எதுவும் இல்லை. ஆகவே ஊரே சேர்ந்து போட்டு வைத்த கணக்கை அவர்கள் தாங்களே போட்டாக வேண்டும். அதுவும் புறப்படுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து போட வேண்டும்.

முதலாவது, நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெய்ஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டில் ஒரு விதி சொன்னார். மீட்டர் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் அரை மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு ஏறத்தாழ இரண்டரை மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஆக நான்கு மணி நேரம். ஆனால் இது நல்ல பாதையில், சுமையில்லாமல், ஓய்வெடுக்காமல் நடப்பவனுக்கு உரிய கணக்கு. நம் வட்டாரக் காடுகளில் வேரும் சேறும் வழுக்குப் பாறையும் நிறைந்த பாதைக்கு அதை இரட்டித்துக்கொள்வதே பாதுகாப்பு. எட்டு மணி நேரமாகிறது. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மாலை 4 மணிக்குச் சேரலாம். 11 மணிக்குப் புறப்பட்டால் இரவு 7 மணியாகிவிடும். அடர்ந்த காட்டுக்குள் வெளியே இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இருள் சூழ்ந்துவிடும். அந்த இருட்டில் பாதையையும் தேட வேண்டும், கூடாரமும் போட வேண்டும் என்றால் என்னவாகும்? இந்தக் கணக்கைப் போடும்போது குழுவில் மிக வேகமாக நடப்பவனை நினைத்துக்கொள்ளக் கூடாது. மிக மெதுவாக நடப்பவனையே அளவாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுமைக் கணக்கு. முதுகுப் பையின் எடை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. இளம் பிள்ளைகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நமது வெப்பத்தில் சுமையோடு ஏறுபவருக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் தேவைப்படும். இரண்டு நாள் தண்ணீரை யாரும் சுமந்து செல்ல இயலாது. ஆதலால் வழியில் எங்கெங்கே ஓடை உண்டு, எந்த மாதத்தில் அது வற்றும் என்பதை முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும். ஓடை நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அப்படியே குடிப்பது ஆபத்து. எலிக்காய்ச்சல் போன்ற நோய்க் கிருமிகள் அதில் இருக்கலாம். நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும்; ஆகவே அங்கே மூன்று நிமிடம் தேவை. உணவுக்கு அவல், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், நெத்திலிக் கருவாடு ஆகியவை எடை குறைந்தவை, எளிதில் கெடாதவை.

சுமைக்குத் தோ பாயோவிலேயே பயிற்சி பெறலாம். என் மாணவர்களுக்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பதுண்டு. நமது பேட்டையில் 40 மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று கொண்டால் உச்சி மாடி ஏறத்தாழ 110 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 900 மீட்டர் மலையை ஏற எத்தனை முறை படியேற வேண்டும்? எட்டு முறைக்குச் சற்று அதிகம். இது விளையாட்டுக் கணக்கன்று. 1998 மே 25ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் நின்ற முதல் சிங்கப்பூர்க் குழுவினரான எட்வின் சியூ, கூ ஸ்வீ சியாவ் ஆகியோரும் அவர்தம் தோழர்களும் புக்கிட் தீமாவிலும் அடுக்குமாடிப் படிகளிலும் சுமையோடு ஏறித்தான் பழகினார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மேலே ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கக் கூடாது. முழங்காலைச் சோதிப்பது இறக்கமே. படிகளில் பழகிய பின், நமக்குப் பக்கத்திலுள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள 11 கிலோமீட்டர் பாதையில் அதே பையோடு நடந்து பார்க்கலாம். அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பார்க்கலாம். கூடாரத்தின் குறைகள் வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, இரவுக் கணக்கு. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலை பாகாங் மாநிலத்திலுள்ள குனோங் தாஹான். உயரம் 2,187 மீட்டர். 1905ஆம் ஆண்டில், இராபின்சன் என்பவரின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மலாய்க்காரர்கள் நால்வர் அதன் உச்சியை முதன்முதலில் அடைந்ததாகப் பதிவு உண்டு. கோலா தாஹானிலிருந்து செல்லும் பழைய பாதை 50 கிலோமீட்டருக்கும் அதிகம். பல குன்றுகளில் ஏறி இறங்கி, தாஹான் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து, குனோங் கெடோங் என்ற மற்றொரு மலையையும் தாண்டித்தான் உச்சிக்குப் போக வேண்டும். அங்கே இரவு எப்படி இருக்கும்? ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறைகிறது. தோ பாயோவில் இரவு 25 பாகை என்றால் தாஹான் உச்சியில் 11 பாகை அளவில் இருக்கும். பனிக்கட்டி இல்லையே, என்ன ஆகிவிடும் என்று எண்ணக் கூடாது. மழையில் நனைந்த உடம்பில் காற்று வீசினால் 11 பாகையே ஆளை வீழ்த்தப் போதுமானது. உடல் வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கும்போது நடுக்கம் வரும், பேச்சுக் குழறும், கால் தடுமாறும், புத்தி மந்தமாகும். அந்த நிலையில் உள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லுவார்! உடனிருப்பவர்கள்தாம் கண்டறிந்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை உடுத்தி, போர்த்திச் சூடேற்ற வேண்டும். பருத்தித் துணி நனைந்தால் சூட்டைக் காக்காது. ஆகையால் இரவுக்கென்று ஒரு சட்டை, கால்சட்டை, கம்பளிச் சட்டை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எவ்வளவு மழை பெய்தாலும் நடக்கும்போது உடுத்தாமல் வைத்திருக்க வேண்டும்.

கூடாரம் போடும் இடத்திலும் கவனம் தேவை. ஆற்று மணல் மெத்தை போல இருக்கும். ஆனால் மேலே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வரும். பட்ட மரத்தின் கீழும், காய்ந்த கிளைகளின் கீழும் படுக்கலாகாது. திறந்த முகட்டில் இடி விழும் அபாயம் உண்டு. முகட்டுக்குச் சற்றுக் கீழே, நீர் தேங்காத மேட்டு நிலமே ஏற்றது. மலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் குழி தோண்டி மூட வேண்டும். கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிட வேண்டும். மெராப்போ வழியாகத் தாஹானுக்குச் செல்பவர்களின் பொருள்களை வனக் காவலர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, திரும்பி வரும்போது சரிபார்க்கிறார்கள். எல்லா மலைகளிலும் இருக்க வேண்டிய வழக்கம் இது.

நான்காவது, பருவமும் அனுமதியும். இதைச் சொல்லும்போது தமிழ்நாட்டில் நேர்ந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11ஆம் தேதி. தேனி மாவட்டம், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலை. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். பெரும்பாலோர் இளம் வயதினர். கோடையில் காய்ந்து கிடந்த புல்லில் பற்றிய தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. முதலில் உதவிக்கு ஓடியவர்கள் மலையடிவாரத்து ஊர்மக்கள். பிறகு மீட்புப் படையினரும், விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்து சேர்ந்தன. அப்படியும் 23 உயிர்கள் பிரிந்தன. அவர்கள் சென்ற வழிக்கு அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது.

மலையில் தீ ஏன் அவ்வளவு கொடியது? சூடான காற்று மேல்நோக்கிச் செல்லும். அது மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் அறிந்த கணக்கு. எந்த மனிதனும் மேட்டில் ஓடி அதை முந்த முடியாது. பள்ளத்தாக்கின் இடுக்கும் புகைபோக்கியாக மாறிவிடும். வெறும் பாறையோ, புல்லில்லாத தரையோ, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடமோதான் புகலிடம். ஆனால் இதையெல்லாம் தீ வந்த பிறகு யோசிக்க நேரமிருக்காது. தீக்காலத்தில் அந்தச் சரிவில் இல்லாதிருப்பதே காப்பு. எந்த மாதத்தில் போகக் கூடாது என்பதை வனத்துறையும் உள்ளூர் மக்களும் அறிவார்கள். அனுமதி கேட்பது வெறும் காகித வேலை அன்று. அந்த அறிவைக் கேட்டுப் பெறுவதாகும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஒருவருக்குத் தெரியப்படுத்துவதுமாகும். குரங்கணிக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்கள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு முறையாகத் திறக்கப்பட்டன. மலையை மூடிவிடாமல் முறைப்படுத்தினார்கள். அதுவே சரியான பாடம் என்று நான் கருதுகிறேன்.

இறுதியாக ஒன்று. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தாலும் மலையில் மழை வரலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். ஆகவே, "பிற்பகல் 2 மணிக்குள் இந்தக் கணவாயை அடையாவிட்டால் திரும்பிவிடுவோம்" என்று திரும்பும் நேரத்தையும் வீட்டிலேயே குறித்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அந்த முடிவை எடுப்பது மிகவும் கடினம். வழி தவறிவிட்டால் அலையாமல் ஓரிடத்தில் கூடியிருந்து, மும்மூன்று முறையாக விசில் ஊத வேண்டும். கைப்பேசியை நம்பியிருக்க முடியாது. காட்டில் தொடர்பு கிடைக்காது, மின்கலமும் தீர்ந்துவிடும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளை வந்து கேட்கும்போது உடனே மறுத்துவிட வேண்டாம். உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எத்தனை மணி நேர நடை, எப்போது இருட்டும்? பையின் எடை என்ன, தண்ணீர் எங்கே? இரவு எங்கே தங்குவீர்கள், உலர்ந்த உடை இருக்கிறதா? இது அந்த மலைக்கு ஏற்ற மாதமா, யாரிடம் அனுமதி பெற்றீர்கள்? எந்த நேரத்தில் திரும்பிவிடுவீர்கள்? இவற்றுக்குப் பதில் எழுதித் தரும் பிள்ளையை மகிழ்ச்சியோடு அனுப்பி வையுங்கள். அந்தத் தாளின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். குறித்த நேரத்துக்குள் அவர்கள் திரும்பாவிட்டால், தேடப் போகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.